புழுதி எழாத பகல்

அத்தியாயம் பதினொன்று

“சாவியைக் குடு!”

“குடுக்க மாட்டேன்.”

“மிஷின் என்னுது. வயல் என்னுது. கோதுமை என்னுது. சாவி மட்டும் உன்னுதா?”

“உசிரு உங்களுதுதானே? அதை வயல்ல விட்டுட்டு வந்துடப் போறீங்கன்னுதான் குடுக்க மாட்டேங்கறேன்.”

நெஸ்டர் பிரிதுலா மேசையை ஓங்கித் தட்டினார். காபிக் கோப்பை துள்ளி விழுந்தது. எண்பத்தாறு வயதுக்கு அந்த அடி கொஞ்சம் அதிகம்தான். தட்டிய கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய், மகளுக்குத் தெரியாமல் தடவிக்கொண்டார். மார்லின் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி திரும்பி, காலையிலிருந்து துடைத்துக்கொண்டே இருக்கிற அடுப்பை இன்னொரு தடவை துடைத்தாள்.

“பழைய மிஷினா இருந்தா கம்பியை ஒட்டியே கிளப்பியிருப்பேன். இந்தப் புதுசுக்குச் சாவி இல்லேன்னா இருமக்கூட வராது.”

“மாத்துச் சாவி எங்கேப்பா?”

“அது போன வருஷம் உழவோட போச்சுன்னு உனக்கே தெரியும். வேணும்னே கேக்கறே.”

மார்லின் வேண்டுமென்றேதான் கேட்டாள்.

போன ஞாயிறன்று அறுவடை இயந்திரத்தின் ஏணியில் இறங்கும்போது கண் இருண்டு அவர் கீழே விழுந்ததும், விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, “மண்ணுல ஈரம் எப்படி இருக்குன்னு படுத்துப் பார்த்தேன்” என்று மகளிடம் சமாளித்ததும் நமக்குத் தெரிந்த கதை. இதயம் நடுநடுவே அடிக்க மறந்துபோகிறது, நகரத்து மருத்துவமனையில் ஒரு சின்னக் கருவி பொருத்த வேண்டும், அதுவரை ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இதில் நெஸ்டரின் காதில் விழுந்தது ‘சின்ன’ என்ற ஒரு சொல் மட்டும்.

ரெஜைனா நகரத்திலிருந்து ஏப்ரல் மாதம் மார்லின் வந்து இறங்கியதும் தெரிந்த கதைதான். அப்பாவுக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். புருஷன் டெனிஸ் வேலையாக இருக்கிறார் என்றாள். டொலினா ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இரண்டு பெட்டியோடு தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகிறவள் இல்லை என்று யூனிஸ் ப்ரோகோப் அன்று மாலையே ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது செப்டம்பர் முடிகிறது. பிரிதுலா நிலத்தில் வடக்கு வயல் மட்டும்தான் பாக்கி. கோதுமை நின்றபடியே காய்ந்து, கையில் தேய்த்தால் உதிர்கிற பதத்தில் இருந்தது. சாயங்காலம் மழை, ராத்திரி அது பனியாக மாறும் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. ஈரப்பனி விழுந்தால் கதிர் சாய்ந்துவிடும். சாய்ந்த கோதுமையை மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

“அது உங்கம்மா நடால்கா விதை எடுத்துக் குடுத்த வயல். அவ போன அப்புறமும் ஒரு வருஷம்கூட அது மாட்டுக்குப் போனதில்லே.”

“யாரையாவது கூப்பிடலாமேப்பா.”

“யாரை?”

“பக்கத்துப் பண்ணை ஆர்விலை.”

நெஸ்டர் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். அங்கே தகர டப்பாக்கள் உருளும் சத்தமும், உக்ரேனிய மொழியில் டப்பாக்களைத் திட்டும் சத்தமும் கேட்டன. தேடட்டும் என்று மார்லின் விட்டுவிட்டாள். சாவி கொட்டகையில் இல்லை. நிலவறையின் பெரிய ஃப்ரீசரில், அவளே பிடித்து வைத்த உருளைக்கிழங்குப் பெரோகிக் கொழுக்கட்டைப் பையில், பெரோகியோடு பெரோகியாக உறைந்து கிடந்தது. ஃப்ரீசரைத் திறக்கிற ஆம்பிளை பிரிதுலா வம்சத்திலேயே கிடையாது.

இதுவரைக்கும் மார்லின் கெட்டிக்காரிதான். ஆனால் முப்பது வருஷம் நகரத்தில் இருந்தவள் ஒன்றை மறந்துபோனாள்.

அறுவடைக் காலத்தில் டொலினாவின் ஜன்னல்களுக்கு ஒரே வேலைதான். சமவெளி, மறைக்க ஒரு மேடு கிடையாது. பனி உலர்ந்ததும் ஒவ்வொரு வயலிலிருந்தும் புழுதி எழும்பும். எந்தப் புழுதி யாருடையது, யார் சீக்கிரம் ஆரம்பித்தான், யார் இன்னும் காபி குடித்துக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் ஜன்னலில் நின்றாலே தெரிந்துவிடும். எல்லோருக்கும் முன்னால் எழும்புவது நெஸ்டரின் புழுதி. மார்லின் பிறந்த அன்றைக்குக்கூட அது எழும்பியது. பிரசவ வலியில் இருந்த நடால்கா ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துத் திட்டியதாகப் பேச்சு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அது தெரியாது. பேச்சு என்னவோ நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவருடைய வயலில், தெற்குக் காற்று அடிக்கிற வறண்ட நாளில், மழை வருமென்று தெரிந்த நாளில், உச்சிப்பொழுது நெருங்கியும் புழுதி இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

யூனிஸ் ப்ரோகோப் ஐஸ் அரங்கத்துக்குப் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். முதல் அழைப்பில் “நெஸ்டருக்கு உடம்பு முடியலை போல” என்றுதான் சொன்னாள். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னாள். நாலு வீடு தாண்டுவதற்குள் நெஸ்டருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. எட்டாவது வீட்டில் பாதிரியார் கிளம்பியாகிவிட்டது. பாதிரியாருக்கே அந்தச் செய்தி ஒன்பதாவது வீட்டிலிருந்துதான் போயிற்று.

மார்லின் ஜன்னல் வழியே பார்த்தபோது, யூனிஸ் கறுப்பு உடுப்பில், முட்டைக்கோஸ் சுருள் அடுக்கிய பெரிய தட்டோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அதே நேரம் கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு நெஸ்டர் வெளியே வந்தார், முகமெல்லாம் ஒட்டடை.

“ஐயோ கர்த்தாவே!” என்றாள் யூனிஸ். தட்டு மட்டும் கையை விட்டு நழுவவில்லை. அனுபவசாலி.

“யாரு செத்தது?” என்றார் நெஸ்டர். “கறுப்பு போட்டிருக்கே?”

“நீங்கதான்.”

“எப்போ?”

“காலையிலே.”

நெஸ்டர் தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். “சரி, அடக்கம் நாளைக்கு வெச்சுக்கோ. இன்னைக்கு எனக்கு வேலை இருக்கு.”

யூனிஸ் லேசில் விடுகிறவளா? உள்ளே வந்ததும் மார்லினின் காதைக் கடித்தாள்: “ஏண்டி, அவரு முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்திருக்கே. நடமாடறாரு, ஆனா ரொம்ப நாள் தாங்காது. நீ அழுது தீர்த்துடு. அடுப்பை நான் பார்த்துக்கறேன்.”

“அத்தை, அவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணும்...”

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கார். அதற்கடுத்த கார். அரைமணியில் சமையலறை நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு நினைவு. செத்தவருக்கு எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார்கள்.

“அந்தப் பெரிய பனிப்புயல்ல ஸ்கூல் பஸ்ஸை நடந்துக்கிட்டே கூட்டிட்டு வந்தாரே! முன்னாடி இவரு லாந்தரோட நடக்க, பின்னாடி பஸ்ஸு.”

“ஊர் மன்றத்துக் கூரை மூணு தடவை இவரு போட்டதுதான்.”

“என் வீட்டுக்காரர் போனப்போ, நிலமெல்லாம் இரும்பா உறைஞ்சிருந்தது. குழி தோண்ட ராத்திரியெல்லாம் நெருப்புப் போட்டு மண்ணை இளக்கினாரே அந்த மனுஷன்” என்று சொல்லி யூனிஸ் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அரங்கத்துல கர்லிங் கல்லு விளையாட ஐஸ் ஊத்தினதை மறந்துட்டியே. இருபது வருஷம்!”

“முப்பது” என்றது வாசற்பக்கமிருந்து ஒரு குரல். நெஸ்டர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “சொல்றதுன்னா சரியாச் சொல்லுங்க.”

மார்லினுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நான்தான் சாவியை ஒளித்தேன், யாருக்கும் சாவு இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொன்னால், பெற்ற மகளே சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற நிலைக்கு நெஸ்டர் பிரிதுலா வந்துவிட்டார் என்பது நாளைக் காலைக்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். சாகக் கிடக்கிறேன் என்று ஊர் நம்புவதை அவர் பொறுத்துக்கொள்வார். இது வெளியே தெரிவதைத் தாங்க மாட்டார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது.

மண்சாலையில் அறுவடை இயந்திரங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஆறு. பின்னால் தானிய லாரிகள். முன்னால் வந்த பச்சை இயந்திரத்தின் உச்சியில் ஆர்வில் ஸ்கார்பெர்க் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருடைய வயலிலேயே பாதி இன்னும் அறுக்கவில்லை என்பது மார்லினுக்குத் தெரியும்.

இப்படி ஊரைத் திரட்டிக்கொண்டு, படுத்துக் கிடக்கிறவனுடைய வயலில் இறங்குவது டொலினாவில் புதிதல்ல. ஆனால் திரட்டுகிறவர் எப்போதும் நெஸ்டர். யாருக்குக் கால் ஒடிந்தாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் ஆள் சேர்த்துக்கொண்டு போய் நிற்பார். அவருடைய வயலுக்கு மட்டும் யாரும் வந்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு நடால்காவை அடக்கம் செய்த வாரம் வந்தார்கள். நெஸ்டர் பண்ணை வாசற்கதவைச் சாத்திக்கொண்டு, “எனக்குக் கையும் காலும் இருக்கு” என்றார். ஆர்வில் வண்டியைத் திருப்பினார். அதிலிருந்து இரண்டு பேரும் வானிலை பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள். சமவெளியில் அது விரோதத்துக்கு அடுத்த வீடு.

இன்றைக்கும் நெஸ்டர் வாசற்கதவருகே போய் நின்றார். மார்லின் பின்னாலேயே ஓடினாள்.

“வழியை விடு” என்றார் ஆர்வில், மேலிருந்தபடியே.

“எனக்கு ஒண்ணுமில்லேடா.”

“ஒண்ணுமில்லேன்னா புழுதி எங்கே?”

நெஸ்டர் தொண்டையைச் செருமினார். “மிஷின் ரிப்பேர்.”

“என்ன ரிப்பேர்? இறங்கிப் பார்க்கறேன்.”

“நீ பார்த்தா இன்னும் ரிப்பேராகும்.”

“யோவ் நெஸ்டர், போன தடவை திருப்பி அனுப்பினே, போனேன். இந்தத் தடவை அனுப்பணும்னா என் சக்கரத்துக்கு முன்னாடி வந்து படுத்துக்கோ. எப்படியும் நீ செத்துட்டேன்னுதான் யூனிஸ் சொன்னா.”

பின்னால் லாரியில் யாரோ சிரித்தார்கள். நெஸ்டர் சிரிக்கவில்லை. மார்லின் அவர் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தாள். இதயம் அடிக்க மறக்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் அவளுக்கு அந்த நரம்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தால் ஒருவேளை தடுத்திருக்கலாம்.

இத்தனை ஆம்பிளைகளுக்குப் பசிக்கும் என்று உள்ளே பெண்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நிலவறைக்கு இறங்கினார்கள், ஃப்ரீசரைத் திறந்தார்கள், பெரோகிப் பை முழுவதையும் கொதிக்கிற பானையில் கொட்டினார்கள்.

வாசற்கதவில் இரண்டு கிழவர்களும் முறைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் வந்தது. துளைக் கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி யூனிஸ் முற்றத்தைத் தாண்டி ஓடிவந்தாள். கரண்டியிலிருந்து ஆவி பறந்தது.

“அடியே மார்லின்! இது என்னடி புதுப் பூரணம்?”

கரண்டியில் இரண்டு பெரோகிக்கு நடுவே, வெந்துபோய்ப் பளபளவென்று, அறுவடை இயந்திரத்தின் சாவி.

லாரிக்காரர்களில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் எல்லோரும். சிரிப்பு வயல்வரைக்கும் போய்த் திரும்பிவந்தது. மார்லினுக்கு அந்த இடத்திலேயே நிலவறைக்குள் இறங்கி ஃப்ரீசரில் படுத்துக்கொள்ளத் தோன்றியது.

நெஸ்டர் கரண்டியிலிருந்து சாவியை எடுத்தார். சூடு. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆர்வில்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். “அப்போ நீ நல்லாத்தான் இருக்கே. மிஷினும் நல்லாத்தான் இருக்கு. சாவியும் வெந்தாச்சு. எங்க வயலையெல்லாம் அப்படியே போட்டுட்டு வந்திருக்கோம்யா.” குரலில் நாலு வருஷத்துப் புளிப்பு இருந்தது. “கிளம்பலாமா?”

“கிளம்பாதீங்க” என்றாள் மார்லின்.

சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. சத்தமாகத்தான் வந்தது.

“ஏணியிலேர்ந்து விழுந்தாரு. போன ஞாயித்துக்கிழமை. நான் போய்ப் பார்க்கறப்போ மண்ணுல குப்புறக் கிடந்தாரு, கூப்பிட்டா பதில் இல்லை. அவர் நல்லா இல்லை. நான்தான் சாவியை ஒளிச்சேன். குடுத்தா ஏறுவாரு. ஏறினா...” ஏப்ரலிலிருந்து யாருக்காகவும் எதற்காகவும் அழாமல் இருந்தவள், அந்த முற்றத்தில், கரண்டி பிடித்திருந்த யூனிஸின் கறுப்புத் தோளில் சாய்ந்து அழுதாள். யூனிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, அழுகை அந்தத் தையல் மிஷினையும் டெனிஸையும் பற்றியதும்தான் என்பதைக் குறித்துக்கொண்டாள்.

ஆர்வில் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். மெதுவாகத்தான் இறங்கினார், ஒரு காலத்தில் இடுப்பெலும்பு முறிந்த மனிதர். நெஸ்டருக்கு நேரெதிரே வந்து நின்றார்.

“எனக்கு இடுப்பு ஒடிஞ்ச வருஷம் ஞாபகம் இருக்கா? கட்டில்ல படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா உன்னைப் போடான்னு கத்தினேன். நீ என்ன சொன்னே?”

நெஸ்டர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுய்யா. என்ன சொன்னே?”

“மறந்துபோச்சு.”

“எனக்கு மறக்கலை. ‘உனக்காக எவன்டா வந்தான்? கோதுமைக்காக வந்தேன்’னு சொன்னே.” ஆர்வில் தொப்பியைக் கழற்றி வடக்கு வயல் பக்கம் நீட்டினார். “நானும் அதுக்காகத்தான் வந்தேன். உன்னை எவனுக்கு வேணும்?”

நெஸ்டர் வடக்கே பார்த்தார். வயலுக்கு மேலே வானத்தின் ஓரம் ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி கறுக்க ஆரம்பித்திருந்தது. வாசற்கதவின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். மறுபடி வைத்தார். கதவைப் பின்னுக்கு இழுத்துத் திறந்தார்.

“தெற்கு மூலை ஈரம்டா” என்றார். “முதல்ல அங்க போய் மாட்டிக்காதே. காய்ஞ்ச பக்கத்திலேர்ந்து ஆரம்பி. எவன் இந்தச் சிவப்பு லாரி? டயர்ல காத்து இல்லை, பாரு!”

அவ்வளவுதான். செத்துப்போன நெஸ்டர் எழுந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அன்று மதியம் வடக்கு வயலில் எழும்பிய புழுதியைப் பக்கத்து ஊரிலிருந்து பார்த்தவர்கள் தீ பிடித்துவிட்டதோ என்று பயந்தார்களாம். நெஸ்டர் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து வயலோரம் மேலும் கீழும் ஓட்டி, ஜன்னல் வழியே தலையை நீட்டி எல்லோரையும் திட்டினார். வேகமாகப் போகிறவனைத் தானியம் சிந்துகிறாய் என்றார். மெதுவாகப் போகிறவனை மாமியார் வீட்டுக்கா போகிறாய் என்றார். பெரோகியும் சுருளும் வயலுக்கே வந்தன. ஆர்வில் ஒவ்வொரு பெரோகியையும் கடிக்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார். யூனிஸ், “பல்லு இருக்கறவன் பயப்படணும், உனக்கென்ன?” என்று கேட்டு இன்னொரு கரண்டி போட்டாள். மூன்றாவது கரண்டியும் அவளே போட்டாள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தானியக் குதிருக்கும் வயலுக்கும் நடுவே லாரிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த மார்லின், சாலை ஓரத்தில் டெனிஸினுடையது மாதிரி வெள்ளி நிறக் கார் ஒன்று நிற்பதைக் கவனித்தாள். யாரும் இறங்கவில்லை. பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அடுப்பைத் துடைக்க இங்கே வழியில்லை. கையிலிருந்த துணியால் லாரிக் கதவைத் துடைத்தாள்.

சாயங்காலம் முதல் குளிர்காற்று வீசியபோது, வயலின் நடுவே ஒரு பட்டை மட்டும் மிச்சம் நின்றது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அது நெஸ்டர் போட்ட சட்டம். ஊர் கூடி அறுக்கிற வயலில் கடைசிப் பட்டையை அந்த வீட்டு ஆள்தான் அறுக்க வேண்டும். விதவையானாலும், ஓட்டவே தெரியாதவளானாலும், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாவது அறுத்தாக வேண்டும். வயலை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கக் கூடாது என்பார்.

யாரோ நெஸ்டரின் சொந்த இயந்திரத்தை லாரியால் இழுத்துக்கொண்டுவந்து பட்டையின் தலைப்பில் நிறுத்தியிருந்தார்கள். நெஸ்டர் சாவியோடு அதனருகே நடந்தார். ஏணியின் முதல் படியில் காலை வைத்தார்.

டொலினா மக்களுக்கு ஒரு நாகரிகம் உண்டு. அத்தனை பேரும் அந்த நேரத்தில் வானத்தையும் டயரையும் பார்த்தார்கள். மார்லின் மட்டும்தான் அப்பாவைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தடுக்கலாம். சாவியை மறுபடி பிடுங்கலாம். அவள் நகரவில்லை. ஒரு நாளில் ஒரு தடவை பிடுங்கியது போதும்.

அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு காலைக் கீழே வைத்தார்.

“மார்லின்.”

வந்தாள்.

“நீ ஓட்டு.”

“நானா? பதினேழு வயசுல ஓட்டினதுப்பா.”

“தெரியும். நேராத்தான் ஓட்டினே. டேரிலைவிட நேரா.”

மார்லினுக்கு அது புதுச் செய்தி. அந்த வருஷம்தான் அவர் வயல் பையனுக்கு, படிப்பு பொண்ணுக்கு என்று முடிவு செய்து அவளை நகரத்துக்கு அனுப்பினார். தம்பி டேரில் ரெண்டு அறுவடை பார்த்துவிட்டு எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஆல்பெர்ட்டா போய்விட்டான். படிப்பு மார்லினுக்கு ஒரு பள்ளிக்கூட வேலையையும் ஒரு டெனிஸையும் கொடுத்தது.

“அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“அப்போ நீ கேட்கலையே.”

“நீங்க சாவியைக் குடுக்கலையே.”

நெஸ்டர் அவள் உள்ளங்கையைப் பிரித்துச் சாவியை வைத்து மூடினார். “இப்போ குடுத்துட்டேன்.”

ஏறினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது, வெந்த சாவியானாலும் நல்ல சாவி. முன்னால் கோதுமை, பக்கத்தில் பிக்கப் வண்டியில் அப்பா. ஜன்னலை இறக்கிவிட்டு அவர் ஏதேதோ கத்திக்கொண்டே வந்தார். இரைச்சலில் ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை. அது நல்லதுக்குத்தான். பாதி வயலில் பட்டை வலப்பக்கம் சாய்ந்தது, அதைச் சரி செய்யப் போய் இடப்பக்கம் சாய்ந்தது. கடைசிக் கதிர் உள்ளே போனபோது முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.

அவள் இறங்கினாள். ஊரே சுற்றி நின்று அவள் அறுத்த தடத்தைப் பார்த்தது.

“கோணல்” என்றார் ஆர்வில்.

“பாம்பு போன மாதிரி இருக்கு” என்றாள் யூனிஸ்.

நெஸ்டர் ரொம்ப நேரம் பார்த்தார். மழை அவர் தொப்பியில் தட்ட ஆரம்பித்தது. “அடுத்த வருஷம் நேரா வரும்” என்றார்.

மார்லின் சாலைப் பக்கம் திரும்பினாள். வெள்ளிக் கார் போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. அக்டோபரில் நெஸ்டரின் நெஞ்சுக்குள் கருவி வைத்தார்கள். அதைப் பற்றிக் கேட்பவர்களிடம், தன் மிஷினுக்கும் இப்போது புது எஞ்சின் என்கிறார். அடுத்த ஜூனில் மன்றத்தில், அவர் போட்ட கூரைக்கு அடியில், யூனிஸ் ப்ரோகோப் ஆர்வில் ஸ்கார்பெர்க்கைக் கட்டிக்கொண்டாள். மார்லினுக்குத்தான் அடுத்த கல்யாணம் என்று ஊர் நினைத்திருந்தது, ஊர் ஏமாந்தது. கல்யாண விருந்தில் பெரோகி உண்டு, மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். யூனிஸ் ஆர்விலின் பண்ணைக்குக் குடிபோக, ஐஸ் அரங்கத்துக்குப் பக்கத்தில் காலியான அவள் வீட்டுக்கு நெஸ்டர் தானாகவே குடிவந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஐஸ் ஊற்றுகிறவர்களுக்கு ஊற்றத் தெரியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். மார்லின் பண்ணையிலேயே தங்கிவிட்டாள், தையல் மிஷினோடும் சாவியோடும்.

அந்த வருஷத்துச் செப்டம்பரின் முதல் வறண்ட நாளில் நெஸ்டர் யூனிஸின் பழைய மாடி ஜன்னலில் நின்றார். பனி உலர்ந்துவிட்டது. எல்லா வயலிலும் புழுதி எழும்பிவிட்டது. வடக்கு வயலில் மட்டும் இல்லை. அவர் போன் பக்கம் கையைக் கொண்டுபோனார், எடுக்காமல் இழுத்துக்கொண்டார்.

அப்புறம் எழும்பியது. கொஞ்சம் தாமதமாக, ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராக.

நெஸ்டர் நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான் இன்னொரு புழுதியும் அவர் கண்ணில் பட்டது. அது வயலில் இல்லை. பெரிய சாலையை விட்டுத் திரும்பி, பிரிதுலா வீட்டு வாசற்கதவை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், வெயிலில் மின்னிக்கொண்டு, ஒரு வெள்ளி நிறக் கார்.